போவட்டா, வாணாமா

என் மனைவிக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. ஜெர்மனிக்குப் போகும் ஷூக்களைப் பெட்டிக்குள் வைத்து மூடுமுன் கடைசியாகத் தொடும் கைகளில் அவளுடையவையும் உண்டு. இடதையும் வலதையும் அருகருகே நிறுத்தி, நிறம் ஒன்றா, தையல் ஒன்றா, தோலின் சுருக்கம் ஒன்றா என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். இருபது வருடமாக இதைச் செய்கிறவள், கல்யாண மண்டபத்து வாசலில்கூட முதலில் செருப்புகளைத்தான் பார்ப்பாள். மனிதர்கள் அப்புறம்.

அவளும் கூட வேலை செய்கிறவர்களுமாகப் பன்னிரண்டு பெண்கள் நேபாளத்துக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். பனிமலையை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க வந்தா ஒவ்வொண்ணுத்தயும் பாத்து நின்னு எழுதிக்கினு இருப்பீங்க. பஸ்சு போய்டும்."

நியாயம்தான். பயணம் பயணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், திருப்பதியைத் தாண்டிப் போனது கம்மி. ஓரிடத்தில் நிற்காத என் கால்கள் வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டிலேயே தேய்ந்துகொண்டிருக்கின்றன.

போகும் முன்னால் ஒரு ஷூ வாங்கித் தருகிறேன் என்றேன். "நாளெல்லாம் அத்தத் தொட்டுக்கினு இருக்கறது போதாதா? காலு வேர்க்கும்" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு பேரும் செருப்போடுதான் விமானம் ஏறினார்கள்.

காத்மாண்டுவில் மூன்றாம் நாள் எல்லாம் மாறிவிட்டது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், போலீஸ் சுட்டது, கட்டடங்கள் எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள். இங்கே டிவியில் ஒரே புகையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அந்தப் புகைக்குள் எந்த ஜன்னல் அவளுடையது என்று தேடினேன். விமான நிலையத்தை மூடிவிட்டதாகக் கீழே எழுத்து ஓடியது.

வாட்ஸ்அப் போகவில்லை. சாதாரண அழைப்பு பத்து முறைக்கு ஒரு முறை கிடைத்தது.

"ஜன்னல்லருந்து பாக்கறேன்" என்றாள். குரலில் பதற்றம் இல்லை, வேலை செய்யும்போது பேசுகிற குரல். "ரோடு ஃபுல்லா செருப்புங்க. எல்லாம் ஒத்தை ஒத்தையா கெடக்குது. இங்கருந்தே ஜோடி தேடிக்கினு இருக்கேன். ஒண்ணு கூட அமையல."

"ஜன்னல் பக்கம் நிக்காத."

பின்னாலிருந்து அவள் அறைத்தோழியின் குரல் கேட்டது. ஆம்பூரில் பெத்லகேம் தெருக்காரி, எல்லாவற்றுக்கும் ஜெபமும் கிண்டலும் சேர்த்தே வைத்திருப்பவள். "சாருக்குச் சொல்லுடி, நாங்க ரூமுக்குள்ளயே ஊரு சுத்திக்கினு இருக்கோம்னு. கட்டிலுதான் எவரெஸ்டு."

சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. கலவர நாட்டில் சிக்கிய பயணிகள் என்ன செய்ய வேண்டும் என்று தேடித் தேடிப் படித்தேன். பாஸ்போர்ட்டை உடம்போடு வை. கூட்டத்தைப் படம் எடுக்காதே. எந்தக் கட்சியையும் பற்றிப் பேசாதே. பாட்டிலில் தண்ணீர் பிடித்து வை. ஓட வேண்டி வந்தால் ஓடத்தக்க காலணியோடு தூங்கு. ஒவ்வொன்றாகக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன். கடைசி வரிக்கு மட்டும் பதில் வந்தது: "அது ஆம்பூர்ல இருக்குது."

ஆட்சியர் அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே போனபோது அறைத்தோழியின் கணவர் எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, சட்டையில் அந்த வாசனை. ஒரு அலுவலர் பன்னிரண்டு பெயர்களையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். தூதரகத்துக்குப் போன் செய்தால் அங்கேயும் மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் பெயர்கள் பத்திரமாக இருந்தன.

"இன்னா சார் பண்றது இப்போ?" என்றார் அவர்.

"எழுதிக்கினாங்களே."

"நீங்களும்தான் எழுதுவீங்க" என்றார். குத்தலா, ஆறுதலா என்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஏர்போர்ட்டு தொறந்துட்டாங்களாம். டிக்கெட்டக் காட்டினா ரோட்ல விடறாங்கன்னு டூர்காரர் சொல்றார். பஸ்சு வாசல்ல நிக்குது. ஏழு பேரு ஏறிட்டாங்க. மீதி பேரு ரெண்டு நாளு பொறுத்துப் போலாம்ன்றாங்க. டிவில இன்னா சொல்றான்? போவட்டா, வாணாமா?"

டிவியில் ஒரு பேருந்து எரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு எரிந்ததா, நேற்று எரிந்ததா என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த ஓட்டலில் அரிசி தீர்ந்துகொண்டிருப்பதையும் பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ வைத்ததையும் அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். போ என்றால் அந்தப் பேருந்து. இரு என்றால் அந்தக் கட்டடம்.

"சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. வீடு கட்டியது, பெண்ணுக்குக் காலேஜ் பார்த்தது எல்லாம் அவள் முடிவு. எனக்கு வேலை ஆமாம் போடுவது. சொற்களை வைத்துப் பிழைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அன்று ஒரு சொல் எழும்பவில்லை. போ, இரு. இரண்டுமே சின்னச் சொற்கள். குழந்தைகூடச் சொல்லும்.

"ஹலோ. இருக்கீங்களா?"

"இருக்கேன்."

ஹாரன் சத்தம் கேட்டது. யாரோ அவள் பெயரைக் கத்தினார்கள். தொடர்பு அறுந்தது. போனாளா, நின்றாளா, அதுகூடத் தெரியாது.

அதன் பிறகு ஐந்து மணி நேரம். கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து கூடம். தோழியின் கணவர் வேலைக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க சார். நீங்க இங்க நடந்தா அவங்க அங்க போய்ச் சேர்ந்துடுவாங்களா?"

உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் கழித்து அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவர் போன்தான் அடித்தது. எடுத்துக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார், என்னிடம் நீட்டினார். "ஏர்போர்ட்டு உள்ள வந்துட்டோம் சார்" என்றாள் அவர் மனைவி. "உங்க வீட்டம்மா இங்கதான் தண்ணி குடிக்கிறா. ஏசப்பா கூட்டியாந்துட்டார், பாதி வழி நடக்க வச்சு."

மறுநாள் டெல்லி வழியாகச் சென்னைக்கு வந்து ரயிலில் காட்பாடியில் இறங்கினாள். பெட்டி இல்லை. அவளிடம் கற்றுக்கொண்ட பழக்கமோ என்னவோ, நான் முதலில் பார்த்தது அவள் கால்களை. இடது காலில் அவளுடைய பழுப்புச் செருப்பு. வலது காலில் நீல நிறத்தில் வேறொன்று.

ஆட்டோவில்தான் சொன்னாள். பாதி வழியில் டயர்களைக் கொளுத்திப் போட்டிருந்ததால் பஸ் நின்றுவிட்டது. பெட்டிகளை விட்டுவிட்டு நடந்தார்கள். எங்கோ வெடித்தது, எல்லோரும் ஓடினார்கள், வலது கால் செருப்பு கழன்று பின்னால் போய்விட்டது. ரோடெல்லாம் கண்ணாடித் துண்டு. தரையில் கிடந்தவற்றில் ஒன்றில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நீலச் செருப்பைக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கம்பெனியில் பார்ப்பது மாதிரியே விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"பொம்பளப் புள்ளதுதான். அஞ்சு நம்பரு. குதிகாலு தேயவே இல்ல, முன்னாடிதான் தேஞ்சிருக்குது. வேகமா நடக்கற புள்ள. பட்டை அறுந்து ஒருவாட்டி தச்சிருக்கா, கையால." பிறகு என்னைப் பார்க்காமல், "இதோட லெஃப்டு அங்க எங்கியோ கெடக்குது" என்றாள்.

அவள் திரும்ப வேலைக்குப் போகிறாள். கம்பெனியில் ஜோடி சேராததை ஓரமாக ஒரு தொட்டியில் போட்டுவிடுவார்களாம். அந்த நீலச் செருப்பு மட்டும் எங்கள் செருப்பு ஸ்டாண்டில், என் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே கிளம்பும்போதெல்லாம் கை அதில் படுகிறது.

போன வாரம் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "இது இங்கியே இருக்கணுமா?"

சாப்பாட்டுக் கூடையில் டப்பா மூடியை அழுத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தூக்கிப் போட்டுடட்டா, வாணாமா? நீங்க சொல்லுங்க."

கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.