அண்ணியின் பஸ்ஸும் ஒரு குழாய் ரத்தமும்

எங்கள் அண்ணி பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் வாயைத் திறக்க மாட்டார், ரோட்டில் ஹாரனை விடமாட்டார். எங்கள் டிப்போவில் ஸ்டீயரிங் பிடித்த முதல் பெண் அவர்தான். சேர்ந்த புதிதில், "பொம்பள ஓட்டுற வண்டியா? நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று இறங்கிப் போனவர்கள் உண்டு. அதே ஆட்கள் பிற்பாடு அவருடைய வண்டி வரட்டும் என்று நிறுத்தத்தில் காத்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். டிப்போ வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். என் கண்ணில் படாமல் அங்கிருந்து ஒரு வண்டி வெளியே போய்விட முடியாது.

நாத்தனார் என்றால் நாலு வார்த்தை குத்திப் பேசத்தான் செய்வாள். எனக்கு வாய் நீளம், அண்ணி எனக்கு வைத்த பெயரே வாயாடி. ஆனால் ஒன்று. அவரை நான் சொல்லலாம், வேறு எவரும் சொல்லக் கூடாது. சொன்னால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருகப் போயிருக்கிறார். வலது கை வரவில்லை. மடியில் கிடக்கிறது, யாரோ மறந்து விட்டுப்போன பொருள் மாதிரி. கண்டக்டரைக் கூப்பிட்டால் நாக்கு தடித்துப் போய்ப் பேச்சு குழறுகிறது. அவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. கை வந்தது, பேச்சு வந்தது. "யார்கிட்டயும் சொல்லாதப்பா" என்பதுதான் அண்ணி முதலில் பேசிய பேச்சு. அந்த நல்ல மனிதர் நேராக மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. இதயத்துக்கு வரைபடம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர், "ஒற்றைத் தலைவலி சில பேருக்கு இப்படியும் வரும், தலையே வலிக்காம கூட வரும்" என்றார். இன்னொருவர், "சின்னப் பக்கவாதமா இருக்கலாம், வந்த வேகத்துல போயிருக்கு" என்றார். ரெண்டு பேரும் நெற்றியைச் சொறிந்தார்களே தவிர, அடித்துச் சொல்ல ஆள் இல்லை.

மேனேஜர் கெட்டவர் கிடையாது. எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்க முதுகுக்குப் பின்னால நாப்பது அம்பது உசிரு உக்காந்திருக்கு. காரணம் இன்னதுன்னு தெரிஞ்சு, அதுக்கு மருந்தும் எடுத்தா, மெடிக்கல் போர்டு உங்களக் கூப்பிட்டுப் பாக்கும். காரணமே தெரியலன்னா நான் எத நம்பிச் சாவியக் குடுப்பேன், சொல்லுங்க?"

அவர் சொன்னதில் அண்ணி காதில் விழுந்தது பாதிதான். பக்கவாதம் என்றால் ஸ்டீயரிங் போச்சு, தலைவலி என்றால் பிழைத்தோம். வீடே அப்படித்தான் நினைத்துக்கொண்டது. தலைவலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

காரணம் தெரியும்வரைக்கும் அண்ணிக்கு, பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கும் அறையில் வேலை போட்டார்கள். பஸ்ஸில் மறந்துபோன குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், இவற்றுக்கு நடுவில் ஒரு நாற்காலி. அந்த ஜன்னல் வழியாக அவருடைய வண்டியை வேறொருவர் எடுத்துப் போவது தெரியும். கியர் சத்தம் கேட்டாலே பல்லைக் கடிப்பார். "கியர் போடுறானா, கல்லு உடைக்கிறானா?" என்பார். அப்புறம் குடையை எண்ணப் போய்விடுவார்.

மறுபடி காட்டப் போனபோது நரம்பு டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். ஒல்லியான ஆள், பேச்சு மட்டும் எக்ஸ்பிரஸ் வேகம். ரத்தத்தை வைத்து மூளையில் நடந்ததைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தலையில நடந்தத கையில குத்திக் கண்டுபிடிப்பீங்களா டாக்டர்?" என்றேன்.

"ஏன் முடியாது? மூளையில ஒரு குழாய் அடைச்சா ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்களுக்குச் சேதி போயிரும். ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல மரபணு இருக்கு. எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யாது. பக்கவாதம்னா ஒரு கூட்டம் முழிச்சுக்கும், இன்னொரு கூட்டம் அடங்கிரும். ஒற்றைத் தலைவலிக்கு அது வேற மாதிரி, வலிப்புக்கு வேற மாதிரி. எது முழிச்சிருக்கு, எது தூங்குதுன்னு பாத்தா என்ன நடந்திருக்கும்னு ஓரளவு சொல்லலாம்."

நான் திருதிருவென்று விழித்தேன். அண்ணி மட்டும் தலையாட்டினார்.

"டிப்போ மாதிரி. எந்த வண்டி வெளிய போயிருக்கு, எது ஷெட்லயே நிக்குதுன்னு பாத்தா ஊருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுரும்."

"அதேதாம்மா!" டாக்டரம்மா மேசையைத் தட்டினார். "ஆனா அன்னிக்கே ரத்தம் எடுக்கணும். நாளாச்சுன்னா எல்லா வண்டியும் ஷெட்டுக்குத் திரும்பிரும். உங்க விஷயத்துல இப்போ லேட் ஆயிருச்சு. இன்னொரு தடவை வந்தா, சரியாப் போச்சுன்னு உக்காந்துராம உடனே ஓடி வந்துருங்க."

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு முடித்த நேரம். அண்ணி கையிலிருந்த தட்டு தரையில் விழுந்தது. நான் அடுப்படியில் எட்டிப் பார்த்தேன்.

"எண்ணெய்ப் பிசுக்கு, வழுக்கிருச்சு" என்று சிரித்தார். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வந்தது.

நான் போட்ட கூச்சலில் அண்ணன் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அதற்குள் அண்ணிக்கு முகம் நேராகிவிட்டது. கையை மடக்கி நீட்டிக் காட்டினார்.

"பாரு, சரியாப் போச்சு. விடு."

"விடறதாவது? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து அழுதார். "பக்கவாதம்னு சொல்லிட்டா? சாகறவரைக்கும் அந்தக் குடைங்களோட பூட்டி வெச்சுருவாங்கடி. தெரியாமலே இருந்தா ஒரு நம்பிக்கையாவது இருக்கும்ல?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம்தான், கோபமாக வெளியே வந்தது. "நம்பிக்கைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? அடுத்த தடவை ஆளே போயிட்டா? எங்க அண்ணன என் தலையில கட்டிட்டு நைஸா கிளம்பலாம்னு பாக்குறீங்களா? அவருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது!"

அண்ணி அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். அண்ணன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். கிளம்பினோம்.

ஸ்கேன் மறுபடியும் சுத்தம். டாக்டரம்மா விடுமுறை நாளிலும் வந்துவிட்டார். நர்ஸ் ரத்தத்தை எடுத்து, ஏதோ திரவம் ஊற்றியிருந்த குழாயில் விட்டு, அதை மெதுவாகத் தலைகீழாய்ச் சாய்த்து நிமிர்த்தி, மறுபடி சாய்த்தார். எந்த மரபணு முழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பது அந்தத் திரவத்தில் மாறாமல் அப்படியே நிற்குமாம். அண்ணி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "பக்கவாத ஜாடைதான் தெரியுது."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"முகத்த ஏன் தொங்கப் போடுறீங்க? முழுசாக் கேளுங்க. இதயத்துல உருவான ரத்தக்கட்டி மேல போய் அடைச்சா எப்படி இருக்குமோ, அந்த ஜாடை. இது இன்னும் ஆராய்ச்சிதான், இத மட்டும் நம்பி நான் மருந்து எழுத மாட்டேன். ஆனா எங்க தேடணும்னு சொல்லிருக்கு. தேடலாம்."

அண்ணியின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். சமர்த்தாக ஓடுவதாக ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்ட இதயம், வீட்டில் திருட்டுத்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. எப்போதாவது தாளம் தப்பித் துடிக்கும், பிறகு ஒன்றும் தெரியாததுபோல் ஒழுங்காகிவிடும். அந்த நேரத்தில்தான் ரத்தம் தேங்கிக் கட்டியாகியிருக்கிறது. ஆஸ்பத்திரி வரைபடத்துக்குத் தப்பியதைக் கருவி சில வாரத்திலேயே கையும் களவுமாகப் பிடித்துவிட்டது.

"மாட்டிக்கிட்டான்!" என்று டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதுக்கு மருந்து இருக்கு. ரத்தம் கட்டாமப் பாத்துக்கும். ஒரு நாளும் விடாமப் போடணும், சரியா?"

வெளியே வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவலின்னு சொல்லணும்னு எப்படியெல்லாம் வேண்டிக்கிட்டேன். அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தா, என்னிக்காவது ஓடுற வண்டியில போயிருப்பேன்டி. நான் மட்டுமில்ல, பின்னால இருக்கறவங்களோட."

மருந்து, பரிசோதனை, காத்திருப்பு என்று வருஷம் ஓடியது. கை ஒரு தடவையும் தவறவில்லை. மேனேஜர் சொன்ன சொல் காப்பாற்றினார். காரணமும் கையில் இருந்தது, மருந்தும் கையில் இருந்தது, மெடிக்கல் போர்டு கூப்பிட்டது. அங்கே ஓட விட்டார்கள், மூச்சு வாங்க விட்டார்கள், கண்ணைப் பார்த்தார்கள், காலியான பஸ்ஸை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டி முடித்ததும் பரிசோதகர், "இந்த வண்டிக்கு கியரே இல்லையா? சத்தமே வரலயே" என்றாராம். அதை அண்ணி என்னிடம் சொல்லும்போது காது வரைக்கும் சிரிப்பு, ரெண்டு பக்கமும்.

சாவி வந்த அன்று காலையில் கடையைத் திறக்கவே இல்லை நான். டிப்போ கதவு திறந்தது. அண்ணியின் வண்டி வெளியே வந்து, என் கடை முன்னால் ஒரு நீள ஹாரன் அடித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய் ஏறினேன். தொலைத்த குடையைத் தேடி அந்த அறைக்கு வந்து அண்ணிக்குப் பழக்கமான ஒரு பெரியவர், "அம்மா, வந்துட்டீங்களா!" என்று கைதட்ட, பஸ் முழுக்கக் கைதட்டல். எனக்குக் கண் மறைத்தது. அண்ணியின் தோளைத் தொட்டு ஏதோ சொல்லப் போனவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வலது கை ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்திருந்தது.

"என்ன வாயாடி, பேச்சே காணோம்? போய் டிக்கெட் எடுத்துட்டு உக்காரு. வண்டி கிளம்புது."