நாங்கள் புள்ளடி போடாத தவிசாளர்

நகரசபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் வென்றவர் எங்கள் ஒழுங்கைக்காரர். வங்காலையில் நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். வாக்குச்சீட்டில் அவருக்குப் புள்ளடி போட்டால் அவர்தான் சபைக்குத் தலைவர், தவிசாளர் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். சுவரொட்டியிலும் அப்படித்தான் இருந்தது. அவர் வென்ற அன்று மாலை, சிலுவை நிற்கிற குருசடியில் செபமாலை சொன்னபோது, "எங்கள் தவிசாளருக்காக" என்று ஒரு மன்றாட்டும் சேர்த்தோம்.

சபை கூடிய நாளில் உறுப்பினர்கள் கை உயர்த்தி வேறொருவரைத் தவிசாளராகத் தெரிந்தெடுத்தார்கள். அவர் சந்தைப் பக்கத்து ஆள். அவர் பெயரை நாங்கள் வாக்களித்தபோது நினைத்ததும் இல்லை. குருசடியில் அந்த மன்றாட்டு சத்தமில்லாமல் நின்றுபோனது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒழுங்கை முடிகிற இடத்தில், பெரிய வீதிக்குக் கீழே தண்ணீர் போகிற மதகு அடைத்துக் கிடந்தது. முந்திய மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்து என் தையல் மெசினின் மோட்டர் எரிந்துவிட்டது. வேறு மோட்டர் பூட்ட ஏழு மாதம் ஆனது. பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிற காலமும் மாரிதான். இன்னொரு முறை நனைந்தால் தையலை விடவேண்டியதுதான்.

எங்கள் உறுப்பினரிடம் போனேன்.

"அக்கா, சபையில எனக்கு இருக்கிறது ஒரு கை. தூக்கச் சொன்னா தூக்குவன்," என்றார்.

பிறகு தவிசாளரிடம் போனேன். கணவரின் தங்கை, என் மச்சாள், கூட வந்தாள்; அவளுக்கு நானும் மச்சாள்தான். நான் வாய் திறக்காத இடங்களில் எனக்காகப் பேசுகிறவள் அவள். தவிசாளர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மச்சாள் மதகின் கதையைச் சொன்னாள்.

"பெரிய வீதியும் அதுக்குக் கீழ உள்ள மதகும் வேற அரசாங்கக் கந்தோருக்குரியது. நான் கடிதம் எழுதலாம்."

"அப்ப நீங்கள் என்னத்துக்குத் தவிசாளர்?" என்றாள் மச்சாள்.

"அதைத்தான் என்ர மனிசியும் கேக்கிறா."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. தலையைக் குனிந்தபடி, "ஐயா, நாங்கள் உங்களுக்குப் போடேல்லை," என்று சொல்லிவிட்டேன். மச்சாள் என் காலை மிதித்தாள்.

அவர் கோபிக்கவில்லை. "தவிசாளர் எண்டு எனக்குச் சனம் ஒருத்தரும் போடேல்லை அக்கா. உறுப்பினர்மார் கை தூக்கினவை. அவை கையை இறக்கினா நானும் இறங்கவேணும். சனம் நேர போட்டு, அதிகாரத்தையும் தந்திருந்தா, அந்தக் கந்தோரில போய் மேசையில தட்டிக் கேட்டிருப்பன்."

கடிதம் போனது. பதில் வரவில்லை. மழைக்கு முதல் கிழமை, சபைத் தொழிலாளர் மூன்று பேர் மண்வெட்டியோடு வந்து ஒழுங்கை வாய்க்காலை மதகின் வாய்வரை வெட்டினார்கள். வீதிக்குக் கீழே கை வைக்கவில்லை.

"அங்கால எங்களுக்கு உத்தரவில்லை அக்கா," என்றார் ஒருவர்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. தண்ணீர் வாசலின் இரண்டாம் படிவரை வந்து நின்றது; வீட்டுக்குள் ஏறவில்லை. மெசினைக் கல்லின்மேல் ஏற்றிவைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள்ளால் வந்தாள்.

"நீங்கள் போடாத மனிசன் பாதி வேலை செய்திட்டார் மச்சாள். அடுத்தமுறை தவிசாளருக்கு நேர போடலாம் எண்டா, இவருக்குப் போடுவியளோ?"

தைத்த கொலரின் நூலை அறுத்தேன்.

"போடுவன். போட்டிட்டு, மிச்சப் பாதிக்கு நானே தனியப் போய் ஏசுவன்."