மலை இல்லாத ஊரின் பிள்ளை

போன வாரம் ஹென்டர்சனில் என் மகளின் பள்ளியில் ஒரு வரவேற்பு நிகழ்வு நடந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் தங்களை அறிமுகம் செய்துவிட்டு, கடைசியில் தங்கள் வீட்டு மொழியிலும் ஒரு வசனம் சொல்ல வேண்டும். என் மகள் மாவோரியில் தடங்கல் இல்லாமல் சொன்னாள். பிறகு ஒரு கணம் யோசித்து, "எனக்கு வீட்டு மொழி என்று ஒன்றும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். குரலில் வருத்தம் ஏதும் இல்லை. பென்சில் கொண்டுவரவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். படம் பிடிப்பதற்காக நான் உயர்த்தியிருந்த போனில் அது பதிந்திருக்கிறது. திரும்பப் போட்டுக் கேட்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

அன்றிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. வேலையிடத்தில் கணினிக்கு முன்னால் இருக்கும்போது கூட அந்த வசனம் கேட்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், மங்கரேயில் நான் படித்த பள்ளியின் மண்டபத்தில் போய் நிற்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம்.

எங்கள் வகுப்பு ரீச்சர் ஒரு மாவோரிப் பெண். அவரை நாங்கள் 'ஃபையா' என்று கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அது அம்மாவையோ சின்னம்மாவையோ அழைக்கிற சொல். ரீச்சரை முறை சொல்லிக் கூப்பிடுவது அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளைக்காரரின் நாட்டில் இப்படி ஒரு நல்ல பழக்கத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. இது முதலில் வெள்ளைக்காரரின் நாடே இல்லை என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஃபையா எங்களுக்கு ஒரு அறிமுகம் சொல்லித் தந்தார். முதலில் உன் மலையின் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு உன் ஆறு. பிறகு உன் முன்னோர் வந்த வள்ளம். பிறகு உன் சனம். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் உன் பெயர். அந்தப் பள்ளித் தவணை முடிவில் பெற்றோரை அழைத்து மண்டபத்தில் வரிசையாக நின்று இதைச் சொல்லப் போகிறோம் என்றார். இங்கே தங்களுக்கு மலை இல்லாதவர்கள் தங்கள் நாட்டு மலையைச் சொல்லலாம். அதுவும் இல்லையென்றால் அதோ, என்று ஜன்னலுக்கு வெளியே காட்டினார். மங்கரே மலை அங்கே நின்றது. மாடுகள் மேய்கிற, பெரிய உயரமில்லாத பச்சை மலை. "அது உங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது."

எனக்குச் சொந்தமாக ஒரு மலை வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"எங்கட மலை எது?"

எங்கள் ஊர் யாழ்ப்பாணம். அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு மேடு கூடக் கிடையாது. ஆனால் அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கீரிமலை இருக்குத்தானே" என்றார்.

எங்களுடன் தங்கியிருந்த மாமா சிரித்தார். அவர் அம்மாவின் தம்பி. "அக்கா, அது கடற்கரை. அங்க ஏறுறதுக்கு ஒண்டுமில்லை, இறங்கிக் குளிக்கத்தான் கேணி இருக்கு."

"பேரில மலை இருக்கு. அவ்வளவு காணும்."

"அப்ப ஆறு?" என்றேன் நான்.

"வழுக்கியாறு."

"மாரியில மட்டும் ஓடுற ஆறு. பிள்ளை ரீச்சரிட்ட சொல்லு, எங்கட ஆறு மற்ற மாதங்களில லீவு எண்டு."

வள்ளத்தின் கதைக்கு வந்ததும் மாமா விமானத்தின் பெயரைச் சொல்லச் சொன்னார். பிறகு, தான் மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்த வள்ளத்தைச் சொல்லலாம், ஆனால் அதற்குப் பெயர் எழுதியிருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் பழையபடி ஆனார். "பேரைக் கடைசியில சொல்லுறது நல்ல முறைதான். எங்கட ஆக்களும் முதல் எந்த ஊர், ஆரின்ர பிள்ளை எண்டுதானே கேக்கிறவை."

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அப்பா உள்ளே வந்தார். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை. மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பிறந்தநாள் கொண்டாட்டங்களில் மாமா அதைச் சொல்லாமல் விடமாட்டார். அப்பா அங்கே கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் வேலை நிலைக்கும் என்று வந்தபோது, பரீட்சை மண்டபத்துக்குப் போய், கடைசி மணி அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். வேலை போயிற்று. கதை முடியும்போது எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள். அப்பா கேக்கைப் பார்ப்பார். அந்தக் கதையில் வருகிறவரின் மகள் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

ஆகவே அப்பா எனக்கு நல்ல மலையாக ஒன்று எடுத்துத் தருவார் என்றுதான் நினைத்தேன்.

"இதெல்லாம் வேண்டாம்" என்றார் அப்பா. "அந்த நேரத்தில இங்கிலீஷ் வாசிக்கட்டும். நான் ரீச்சரோட கதைக்கிறன்."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இஞ்சேருங்கோ, பிள்ளை ஆசைப்படுகுது. அந்த ரீச்சரின்ர ஆக்களுக்கும் எங்களை மாதிரித்தானாம். முந்தி பள்ளிக்கூடத்தில தங்கட பாஷை கதைச்சால் அடியாம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். தோத்துப்போன பாஷை ஒண்டு ஏற்கெனவே எங்களிட்ட இருக்கு. பிள்ளைக்கு இன்னொண்டு என்னத்துக்கு?"

மாமா எழுந்து வெளியே போனார். அப்பா அதற்குப் பிறகுதான் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

அடுத்த நாள் காலை அப்பா டை கட்டிக்கொண்டு என்னுடன் பள்ளிக்கு வந்தார். அந்த டை கச்சேரிக் காலத்தது. எனக்கு அவரைப் பார்க்க அழகாக இருந்தது. மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் அரைக் காற்சட்டையுடன் வருவார்கள். வகுப்பு வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில், மாவோரிப் பாட நேரத்தில் என்னை நூலகத்துக்கு அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

வீட்டில் என்ன மொழி என்று ஃபையா கேட்டார். அப்படியானால் அவள் தமிழிலேயே சொல்லலாமே, மலைக்கு எந்த மொழியும் சரிதான் என்றார். பள்ளிக்கூடத்தில் தமிழும் தேவையில்லை என்றார் அப்பா.

ஃபையா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் டையைப் பார்த்தார். "எனக்கு ஆறு வயதாக இருந்தபோது என் அப்பாவும் இப்படி டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். இதையேதான் கேட்டார். அவர் கேட்டபடியே செய்து கொடுத்தார்கள்" என்றார். பிறகு, "நீங்கள் கேட்டபடி நானும் செய்கிறேன்" என்றார்.

அப்பா நன்றி சொன்னார். திரும்பி நடக்கும்போது என்னிடம், "பாத்தியோ பிள்ளை, அவவின்ர தகப்பனும் அப்பிடித்தான் செய்திருக்கிறார். அவ இண்டைக்கு ரீச்சர்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஃபையா தன் மொழியைத் தாயிடமிருந்து கற்கவில்லை, பிள்ளை பெற்ற பிறகு அந்நியரைப் போல வகுப்புக்குப் போய்க் கற்றவர் என்பதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டது.

நூலகத்தில் எனக்கு வேலை நன்றாகவே நடந்தது. கடினமான சொற்களையெல்லாம் பிழையில்லாமல் எழுதப் பழகினேன். ஆனால் நூலகத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்தது மெல்லிய பலகைச் சுவர். மலை, ஆறு, வள்ளம் என்று மற்றவர்கள் சொல்வது கேட்டுக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு முன்னரே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பெயர் வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

நிகழ்வு நாளன்று அம்மாவுக்கு வேலை. அப்பாதான் வந்தார். அன்று டை இல்லை. வேலையிலிருந்து நேரே வந்து மஞ்சள் ஜாக்கெட்டோடு பின் கதவருகில் நின்றார். நான் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

என் வகுப்பு மேடையில் வரிசையாக நின்றது. தொங்காத் தீவுக்காரச் சிநேகிதிக்கும் சமோவாத் தீவுக்காரப் பையன் ஒருவனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. முதல் நாள் ஃபையா வரிசையில் நிறுத்திப் பார்த்தபோது நான் நின்ற இடம் அது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சிநேகிதி சொல்லி முடித்தாள். அடுத்தவன் தொடங்கவில்லை. ஃபையா தலையைக் குனிந்து நின்றார். ஒருவர் தன் மலையையும் ஆற்றையும் வள்ளத்தையும் சனத்தையும் பெயரையும் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் மண்டபம் பேசாமல் இருந்தது. யாரோ இருமினார்கள். பிறகு அவன் தொடங்கினான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னை விலக்கியதை ஃபையா மறந்துவிட்டார், அதனால்தான் நிகழ்வு இப்படி நடுவில் குழம்பிப்போயிற்று என்று நினைத்தேன். அப்பா கோபிப்பாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

தேநீருக்கு நிற்காமல் புறப்பட்டோம். காரில் கொஞ்சத் தூரம் போனபின் அப்பா கேட்டார்.

"நீ என்ன மலை சொல்ல இருந்தனி?"

"கீரிமலை."

"அது மலையில்லை, குஞ்சு."

அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. அவர் என் பிழையைத் திருத்துகிறார் என்று நான் தலையாட்டினேன். எங்கள் தெரு வந்தது, கார் திரும்பவில்லை. அடுத்த தெருவும் போயிற்று. மங்கரே மலையின் அடிவாரத்தில் வேலி ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமல், கண்ணாடிக்கு வெளியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் இரண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தன. அப்பா வேலைக் களைப்பில் வழியை விட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவருக்கு உதவ நினைத்தேன். நூலகத்தில் பழகிய அத்தனை கவனத்தோடும், ஒவ்வொரு சொல்லையும் இந்த நாட்டுப் பிள்ளைகள் சொல்வது போலவே உச்சரித்து, "அப்பா, நீங்கள் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வீட்டு ஆள் ஒருவரிடம் நான் ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்பா என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் 'ஓம்' தவிர வேறு சொல்லை அவர் எனக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

"யெஸ்" என்றார் அப்பா.

வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே சந்தோஷம்.