கோழிப்பண்ணைக்குள் ஒரு கருத்தரங்கு

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வசந்தாமணிக்கு, யாராவது சுற்றிவளைத்துப் பேசினாலே எரிச்சல் வந்துவிடும். ஆனாலும் உலக அரசியல் பற்றிய இணையக் கருத்தரங்கு எதையும் விடமாட்டார். அவர் பண்ணை முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது.

போர்ப் பதற்றத்தில் கப்பல்கள் நின்றுபோன வாரம், தீவனம் போட்டபடியே அப்படியொரு கருத்தரங்கைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தூதர் ஒருவர், "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்" என்று மறுபடியும் சொன்னார். பொறுக்கமாட்டாமல் வசந்தாமணி மைக்கைத் திறந்தார். கொட்டகைக் கோழிகளின் கத்தல் மொத்தமும் கருத்தரங்குக்குள் புகுந்தது.

"என்னம்மா சத்தம் அது? கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்றார் தூதர்.

"முடியாதுங்க. கப்பல் நின்னுபோச்சு, கொஞ்ச நாளைக்கு முட்டை வெக்காதீங்கன்னு இதுககிட்ட யாருங்க சொல்றது? நீங்க கவனிச்சுட்டே இருக்கறீங்க, இதுக வெச்சுட்டே இருக்குதுங்க."