சின்னையாவின் தலைக்குள் எரிந்த நெருப்பு

ஐராவதிக் கரையிலுள்ள இந்தப் பர்மியப் பட்டணத்துக்கு வந்த புதிதில் எனக்கு வியப்பாக இருந்தது தெருவோரத் தண்ணீர்ப்பானைதான். வீட்டுக்கு வெளியே பலகையடித்து, அதன்மேல் மண்பானைகளில் தண்ணீர் நிரப்பி, மூடியும் அகப்பையும் வைத்துவிடுகிறார்கள். போகிறவர் வருகிறவர் யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். நீ யார், எந்தச் சாதி என்று ஒருவரும் கேட்பதில்லை. கேணிக்கரையில் நிற்கும் இடம்கூட ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும் சீமையிலிருந்து வந்தவன் நான். முதல் நாள் குடித்துவிட்டு, யாராவது அதட்டுவார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். அப்படிப்பட்ட ஒரு பானையை உடைத்ததற்காக என் மைத்துனன் சின்னையாவுக்கு விலங்கு மாட்டினார்கள். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை.

சின்னையா என் மனைவி மீனாட்சியின் தம்பி. எங்கள் இரு குடும்பங்களுக்கும் அமராவதிபுதூரில் தச்சுவேலை. இங்கே அறுக்கிற தேக்கு கப்பலேறிக் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குத் தூணாகப் போகிறது. மீனாட்சியை ஊரில் விட்டுவிட்டு, அந்த மரம் வந்த வழியே நானும் அவனும் இங்கு வந்து மர மில்லில் சேர்ந்தோம். இரண்டாவது மழைக்காலத்தில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான். "மரமறுக்குற வாள் எம்பேரைச் சொல்லிக் கூப்புடுது மச்சான்" என்றான் ஒருநாள். அலுப்பில் அப்படித் தோன்றுகிறது என்று தேற்றினேன். பிறகு தலைக்குள் நெருப்பு எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். கூலியாட்கள் சிரித்தார்கள். அவன் யாரையும் வைததில்லை, ஒருவர் மேலும் கை வைத்ததில்லை.

ஒரு மத்தியான வேளையில் மில்லை விட்டு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருமுனைப் பானையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். பானை நழுவி உடைந்தது. அடுத்த பானைக்குக் கை நீட்டும்போது தலைப்பாகை கட்டிய போலீஸ்காரர் இருவர் வந்துவிட்டார்கள். அவர்கள் ஏதோ கேட்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட அவன் என் பக்கம் திரும்பி, "என்ன கேக்குறாக மச்சான்?" என்றான். முதல் அடி முழங்காலில் விழுந்தது. பானைக்குச் சொந்தக்காரியான பர்மியக் கிழவி படியிறங்கி வந்து, கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். பானை போகட்டும், விட்டுவிடுங்கள் என்கிறாள் என்று பாஷை தெரியாத எனக்கே விளங்கியது. போலீஸ்காரர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

டாணா என்கிற போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைக்கார சார்ஜன்ட் விசாரித்தார். தமிழ் தெரிந்தவர் என்று ஒரு குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது கடைவீதியில் பொறுக்கிய நாலு தமிழ் வார்த்தை. ஏன் ஓடினாய் என்று கேட்டார்.

"நெருப்புய்யா. பத்திக்கிச்சு. எல்லாம் எரியுது" என்றான் சின்னையா.

குமாஸ்தாவின் முகம் மாறியது. சார்ஜன்டிடம் குனிந்து இங்கிலீஷில் சொன்னார். ஃபயர், மில் என்ற இரண்டு சொற்கள் என் காதில் விழுந்தன. மில்லுக்கு நெருப்பு வைப்பேன் என்கிறான் என்று மொழிபெயர்த்துவிட்டார்! மரம் குவிந்து கிடக்கும் ஊரில் அதைவிடப் பயங்கரமான பேச்சு வேறு இல்லை. நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "நோ மில் ஃபயர் சார்! ஹெட் ஃபயர்! ஹெட் ஃபயர்!" என் இங்கிலீஷ் அவ்வளவுதான். ஹெட் என்றதும் மில்லின் தலைமை அதிகாரியைக் கொளுத்தப் போகிறான் என்று குமாஸ்தா அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார். என்னைப் பிடரியில் தள்ளி வெளியே விட்டார்கள். உள்ளேயிருந்து, "ஏன் மச்சான் அடிக்கிறாக? நான் என்ன செஞ்சேன்?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்த குரல் வெளிவாசல் வரைக்கும் வந்தது.

அந்நியன், பாஷை தெரியாதவன், அதனால்தான் இப்படி என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. ஏனென்றால் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சந்தை ஒன்றில் நான் பார்த்தது நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்துப் புத்தி கலங்கிய ஒருத்தி, சந்தைக்கு வந்த பெண்களிடமெல்லாம் இடுப்புப் பிள்ளையைக் கேட்டுக் கை நீட்டினாள். போலீஸ்காரர் வந்து அவளை வேப்பமரத்தில் கயிற்றால் கட்டினார். உச்சி வெயில். "தண்ணி குடுங்கய்யா, நாக்கு ஒட்டுது" என்று சுத்தமான தமிழில் கேட்டாள். அவரும் நம்மூர்க்காரர்தான். "பைத்தியத்துக்குத் தண்ணி வேறயா?" என்றார். சந்தையே சிரித்தது. அங்கே மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லையே!

பினாங்கிலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் அங்கேயும் இதே கதைதான் என்றார். சைகோனுக்குப் போய் வந்தவரும் அதையே சொன்னார். கொடி மாறுகிறது, தொப்பி மாறுகிறது. புத்தி கலங்கியவனைக் கண்டதும் தடியைத்தான் முதலில் தேடுகிறார்கள். காலொடிந்தவன் தெருவில் கிடந்தால் தூக்கிப்போக நாலு பேர் வருகிறார்கள். மனசு ஒடிந்தவனுக்கு விலங்கு வருகிறது. இதற்குப் பெயர் சட்டமாம்.

மாஜிஸ்திரேட் சின்னையாவைச் சிறைக்கு அனுப்பினார். அங்கிருந்த வங்காளி டாக்டர் ஒருவர்தான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தார். இவன் குற்றவாளியில்லை, நோயாளி என்று மேலிடத்துக்கு எழுதினார். பானைக்காரக் கிழவியும் என்னோடு மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு வந்து, யாரும் கூப்பிடாமலே முன்னால் நின்று சாட்சி சொன்னாள். மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிய பிறகு, ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் பொறுப்பேற்றதன் பேரில் விட்டார்கள். பாதி உடம்புதான் மிஞ்சியிருந்தது. மணிக்கட்டில் இரும்பு தின்ற புண்.

கப்பலேறி அமராவதிபுதூர் வீடு போய்ச் சேர்ந்ததும் மீனாட்சி அந்தப் புண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "எம்பொறந்தவனை எதுக்குக் கட்டுனாக?"

"அவன் பேசுனது அவுகளுக்கு வெளங்கல."

"இங்குட்டு வெளங்குமே. இங்க மட்டும் விட்டுருவாகளா?"

நான் வேலைக்காக மறுபடி இங்கே வந்துவிட்டேன். சின்னையா அக்காளோடு இருக்கிறான். தூங்குகிறானாம், சில நாள் மரம் இழைக்க இழைப்புளியும் பிடிக்கிறானாம். ஆனால் தேவகோட்டைக்குப் போனால் போலீஸ்காரர் தடியால் தரையைத் தட்டி, "ஏய் பர்மாப் பைத்தியம், அங்குட்டுப் போ" என்கிறாராம். இங்கே அவன் மதராஸிப் பைத்தியம். பிறந்த ஊரில் பர்மாப் பைத்தியம்.

கப்பலில் அவனைக் கூட்டிப்போன நாட்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு காலை நேரம், எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருந்தவன், கைதானதற்குப் பிறகு முதல்முறையாகத் தெளிவாகப் பேசினான்.

"மச்சான், இது எந்த ஊருக் கடலு?"

"எந்த ஊருதும் இல்லடா மாப்ளே. நடுக்கடலு."

"இங்க போலீசு இருக்காகளா?"

"இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப நாம இங்கனயே எறங்கிருவமா மச்சான்?"

நான் புண் இல்லாத இடமாகப் பார்த்து அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.