மதினி ஏறிய கூரை

என் அண்ணன் மனுவேல் பெயிண்டர். கொடைக்கானலில் அவன் பிரஷ் படாத லாட்ஜ் குறைவு. மங்கிப்போன சுவரைப் பார்த்தால் போதும், அவனுக்குக் கை அரிக்கும். அந்த அரிப்புதான் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் வீட்டுக்குள் இருந்தபடியே வானம் பார்க்க வைத்தது. அதிலிருந்து குடும்பத்தைக் கரையேற்றியவள் அவன் பெண்டாட்டி லீமா. எனக்கு மதினி. நாத்தனார் வாயிலிருந்து மதினியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம். வரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதினி பிறந்தது பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில். அங்கே மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு உச்சி வரைக்கும் போகும். மூங்கில் ஏணியைச் சாத்தி ஆண்கள் ஏறிப் பறிப்பார்கள். மதினியின் அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அதனால் இவளே ஏறினாள். இவள் கல்யாணம் கூடிவந்த சமயம் பார்த்துத் தோட்டம் கைமாறியது. புதிதாக வந்த முதலாளி இவர்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடைசியில் மதினி மணப்பெண்ணாகப் புறப்பட்டது தெரிந்தவர்கள் வீட்டு வாசலிலிருந்து. தாயும் தகப்பனும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போதே, "வெரசா முடிங்க, எனக்கு அடுப்படியில சோலி கெடக்கு" என்றாளாம் அந்த வீட்டுக்காரி. இதை மதினி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அதனால் மகள் அனிட்டாவுக்கு வத்தலக்குண்டு டிக்சனைப் பேசி முடித்தபோது, நகை, மண்டபம், சாப்பாடு எதைப் பற்றியும் அவள் பெரிதாக வாய் திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"எம்பிள்ள எங்க வீட்டுக்குள்ள முழங்கால் போட்டு ஆசீர்வாதம் வாங்கணும். எங்க வாசப்படி எறங்கித்தான் கோயிலுக்குப் போகணும்."

எங்கள் வீடு நாயுடுபுரத்துச் சரிவில் இருக்கிறது. அடுப்படிக்கு மட்டும் கான்கிரீட், மற்றதெல்லாம் தகரம். மலையில் தகரக் கூரை போட்டவர்கள் அதன்மேல் கல், பழைய டயர், மணல் மூட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றி வைப்பார்கள். காற்றுக்கு அதுதான் காவல். பார்க்க லட்சணமாக இருக்காதுதான். ஆனால் லட்சணம் பார்க்கிற வேலையை என் அண்ணன் எடுத்துக்கொண்டான். கீழேயிருந்து வருகிற சம்பந்தி வீட்டார் சாலை வளைவில் நின்று பார்த்தால் கூரையில் டயர் தெரியுமாம். எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் தகரம் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட் அடித்தான்.

"பெயிண்டுதான் காஞ்சிருச்சே, கல்லைத் தூக்கி வைங்க" என்றாள் மதினி.

"ரெண்டாம் கோட்டு இருக்குல்ல. ஈரத்துல கல்லு வச்சா தடம் விழுந்துரும்" என்றான் இவன்.

டிவியில் கஜா புயல் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் தெருவில் யார் காதில் ஏறியது? புயல் என்றால் கடற்கரைக்காரர்களுடைய கஷ்டம், அது நாகப்பட்டினத்தோடு சரி, மலை ஏறி வருமா என்று நானும்தான் பேசினேன்.

வந்தது. வெள்ளிக்கிழமை காலை மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்தன. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் அடித்தது. அனிட்டாவின் கல்யாணப் புடவையை மதினி எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். எங்களை அடுப்படிக்குள் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மொத்தமாக ஓர் ஓலம். கதவிடுக்கில் பார்த்தேன். கட்டில், பீரோ, சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதற்கு மேலே சாம்பல் நிற வானம். சட்டங்கள் மட்டும் எலும்பு மாதிரி நின்றன. ஒரு தகரம் கூட மிச்சமில்லை.

அண்ணன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. திட்டத்தான் செய்தேன்.

மறு புதன்கிழமை கல்யாணம். அதை விட்டால் அடுத்த வாரம் ஃபாதர் தியானத்துக்கு வெளியூர் போய்விடுவார். அதற்கப்புறம் திருவருகைக் காலம் பிறந்துவிடும். கிறிஸ்துமஸ் முடிகிற வரைக்கும் எங்கள் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. மலைப்பாதை முழுக்க மரம் விழுந்து கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்த ஃபாதர், கூரை போன வீட்டைப் பார்த்துவிட்டு நல்ல மனதோடுதான் சொன்னார்.

"கோயில் ஹால் சும்மாதாம்மா இருக்கு. பொண்ணை அங்கிருந்தே அழைச்சுட்டு வந்துருங்க."

"அதாம் மதினி சரி" என்றேன் நானும்.

மதினி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு சாண் குறைந்துபோனேன். "அடுத்தவங்க வாசல்ல நின்னு புறப்பட்டவ நானு. எம்மக அப்படிப் போகமாட்டா. தகரம் காத்துல கரைஞ்சா போச்சு? எங்கயாவதுதானே கெடக்கும்? வாங்க, தேடுவோம்."

மூடுபனியில், புயலில் பறந்த தகரத்தைத் தேடுவதாவது! பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் சரிவின் ஓரத்துக்குப் போய் நின்றதும் பனி கொஞ்சம் விலகியது. கீழே பச்சையாக விரிந்து கிடந்த கேரட் தோட்டத்தின் நடுவில் பளிச்சென்று ஒரு சிவப்பு. அதற்கு அந்தப் பக்கம் முறிந்த யூகலிப்டஸ் கொப்பில் தொங்கிக்கொண்டு இன்னொன்று. ஓடைக் கரையில் ஒன்று. எங்கள் தெருவில் பறந்த மற்றவர்கள் தகரமெல்லாம் பனியோடு பனியாகக் கண்ணுக்கே சிக்கவில்லை. எங்களுடையது மட்டும் திருவிழாக் கொடி மாதிரி தெரிந்தது. அண்ணன் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. "பாத்தியா, நாஞ்சொன்னேன்ல" என்று ஆரம்பித்தான். "வாயை மூடிட்டு எறங்குங்க" என்றாள் மதினி.

தெருவே இறங்கியது. தோட்டக்காரர் வேலுச்சாமி ஒரு தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டே மேடேறி வந்தார். "மனுவேலு, எங்கேரட்டுக்கும் சேர்த்துக் கூரை போட்டுட்ட போலயே" என்று அந்த நிலையிலும் கேலி பேசினார். சில தகரங்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. அவற்றைத் தார்ச்சாலையில் போட்டு, மேலே ஏறி மிதித்து மிதித்து நிமிர்த்தினோம்.

அடுத்த பிரச்சினை, யார் ஏறுவது? ஊரில் உள்ள தச்சர்களை எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூரை பறந்ததிலிருந்து அண்ணனுக்கு ஏணியில் கால் வைத்தாலே உடம்பு நடுங்கியது. மதினி சேலையை இழுத்துச் செருகினாள். அவனுடைய பழைய ஜெர்கினை மேலே மாட்டிக்கொண்டாள். ஆணியை வாயில் கவ்விக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். சட்டத்தின் மேல் கால் மாற்றி மாற்றி அவள் நடந்ததைக் கீழேயிருந்து பார்த்தபோதுதான், இவள் மரமேறின கதையெல்லாம் வெறும் அளப்பு இல்லை என்று எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை மத்தியானம் டிக்சன் வந்தான். பஸ் பாதி தூரம்தான் வந்ததாம். மீதிக்கு விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்திருக்கிறான். பேண்ட்டெல்லாம் சேறு. முகமும் வாடியிருந்தது. நல்ல சேதி கொண்டு வருகிறவன் முகம் அப்படி இருக்காது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்தால் மாமியார் நாற்காலியில் உட்காரக்கூடக் கூசுவாள். எங்கள் மதினியோ மாப்பிள்ளையின் தலைக்கு மேலே, கூரையில், கையில் சுத்தியலோடு இருந்தாள். அவளும் ஒரு கணம் திகைத்துத்தான் போனாள். அதற்குள் காற்று ஒரு தகரத்தின் விளிம்பைத் தூக்கியது.

"மாப்பிள்ளை, அந்த ஓரத்தை அழுத்திப் பிடிங்க! விட்டுறாதீங்க!"

அவன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் பிடித்தான். பிறகு, "அத்தை, அந்தச் சுத்தியலைக் குடுங்க, இந்தப் பக்கம் நான் அடிக்கிறேன்" என்று அவனும் ஏறினான். இருட்டுகிற வரை இருவரும் இறங்கவில்லை. தேநீரைக்கூட நான் வாளியில் கட்டித்தான் மேலே அனுப்பினேன்.

இறங்கி வந்து கை கழுவும்போது நானே கேட்டுவிட்டேன். "ஏதோ சொல்ல வந்தீங்களே, என்ன சேதி?"

அவன் நெளிந்தான். "கல்யாணத்தைக் கிறிஸ்துமஸ் கழிச்சு வச்சுக்கலாம்னு அம்மா சொல்லி விட்டாங்க. கூரையே போச்சுன்னு யாரோ அங்க வந்து சொல்லிட்டாங்க."

அனிட்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிக்சன் மேலே பார்த்தான். முக்கால்வாசிக் கூரை சிவப்பாக நின்றது.

"கூரை இருக்குன்னு நான் போய்ச் சொல்லிர்றேன் அத்தை. நானே அடிச்ச கூரை. புதன்கிழமை வெள்ளனே வந்துருவோம். ரோடு இல்லேன்னா நடந்து வருவோம்."

மதினி அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் பலமாகக் கேட்டது. அழுகிற சத்தம் வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான்.

கிடைக்காத தகரங்களுக்குப் பதிலாக ஒரு மூலைக்கு நீலத் தார்ப்பாய் கட்டினோம். கல்லும் டயரும் பழையபடி மேலே ஏறின. ஒவ்வொன்றையும் அண்ணன்தான் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். தடம் விழுவதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் வந்து கோயிலில் இறங்கிவிட்டார்கள் என்று ஓர் ஆள் வந்து சொன்னார். முன்னறையில் மெழுகுதிரி ஏற்றினோம். அனிட்டா வெள்ளைப் புடவையில் முழங்கால் போட்டாள். ஜெபம் தொடங்கியதும் தகரத்தில் படபடவென்று சத்தம். மழை. அதுவும் சும்மா தூறல் இல்லை, கொட்டுகிற மழை. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த வாய்களெல்லாம் அப்படியே நின்றன. எல்லோரும் அண்ணாந்தோம். அண்ணன் தார்ப்பாய் மூலையையே பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கட்டிலைப் பார்த்தேன். திரு இருதயப் படத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

மதினி குனிந்து மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அனிட்டா உடைந்து அழத் தொடங்கினாள்.

"மழையையே நான் உள்ள விடல. நீ எதுக்குடி வீட்ட நனைக்கிற?" என்றாள் மதினி.

அறையே சிரித்தது. அனிட்டாவும் சிரித்தாள். மதினியின் கன்னத்தில் மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. குடையை விரித்தாள். மகளின் கையைப் பிடித்து, எங்கள் வாசற்படியில் ஒவ்வொரு படியாக நிதானமாக இறக்கிக் கூட்டிப்போனாள்.