பெண் பார்க்க வந்த அன்று பழக்கலவை

என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி, சொஜ்ஜி எதுவும் கிடையாது. ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். குடியிருப்புக்குப் பின்னால் அவரே வைத்து வளர்த்த மரங்கள்மேல் அவருக்குப் பெருமை அதிகம். "எண்ணெய்ப் பலகாரம் எந்த ஊட்டுலயும் கெடைக்கும். நம்ம தோட்டத்துப் பழத்தக் குடுப்போம்" என்று பலாச்சுளை, மலைவாழை, பப்பாளி எல்லாவற்றையும் அவரே நறுக்கினார். சந்தையில் வாங்கிய மாம்பழத்தையும் சேர்த்துக் கலந்து கிண்ணங்களில் போட்டுவிட்டார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவரும் அவருடைய அம்மாவும் சொந்தக்காரர் ஒருவரின் காரில் வந்திருந்தார்கள். நான் கிண்ணத்தை நீட்டியதும் அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, பலாவோட வாழைப்பழத்தக் கலக்கலாங்களா? வயித்துக்குள்ள போயி வெசமாயிருமுங்க."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை அதைக் கவனித்திருக்க வேண்டும். "தனித்தனியாத் தின்னாலும் எல்லாம் ஒரே வயித்துக்குத்தானம்மா போவுது?" என்றார். தன் கிண்ணத்தைக் காலி செய்து, தன் அம்மாவுடையதையும் வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது.

கார்க்காரருக்கு ஏற்காட்டில் வேலை இருந்ததால், இருவரும் பஸ்ஸில் சேலம் இறங்கினார்கள். கடைசி சீட்டுதான் கிடைத்ததாம். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். சேலம் போய்ச் சேரும்வரை வாந்தி நிற்கவில்லை.

மறுநாள் தரகர் வந்து, "அந்தம்மா வேண்டாங்கறாங்க. மொத நாளே மகனுக்கு வெசம் வெச்ச ஊடாம்" என்றார். அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவியது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "பப்பாளியும் போட்டீங்களா கண்ணு?" என்று என்னிடமே துக்கம் விசாரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் யாரோ தள்ளாடிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளைதான். முகம் வெளிறி, சட்டை கசங்கி, தலை கலைந்திருந்தது. ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

"வாந்தி வந்துருச்சுங்க!" என்றார் அப்பாவிடம்.

அப்பா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடலீங்க, அதுதானுங்க விசயம். நேத்து எங்க ஊட்டுல அதே பழமெல்லாம் வாங்கிக் கலந்து, ரெண்டு கிண்ணம் தின்னேன். கல்லு மாதிரி இருந்தேன். இன்னிக்கு வெறும் தண்ணியக் குடிச்சுட்டு அதே பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்தேன். கொடலே வெளிய வந்துருச்சுங்க. ரேடியோவுல கோளாறுன்னா ஒவ்வொண்ணாக் கழட்டித்தானுங்க பாக்கணும்? பழத்து மேல தப்பில்லீங்க. எல்லாம் அந்த வளைவு பண்ற வேல."

அம்மா உள்ளே ஓடி மோர் கொண்டுவந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் இவரைத் தவிர யாரையும் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய அம்மா இதற்கெல்லாம் மசியவில்லை. மாப்பிள்ளை அவரை ஒரு டாக்டரிடமே கூட்டிப்போனார். டாக்டர் சிரித்துவிட்டு, "வயித்துல பழத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனி ரூமா கட்டியிருக்குதுங்க? ஒத்துக்கற பழமா இருந்தா சேத்துத் தின்னலாம். நல்லாக் கழுவோணும், அறுத்து ஈ மொய்க்க வெக்கக் கூடாது. சக்கரை வியாதி இருந்தா மட்டும் அளவு பாத்துக்கோணும்" என்றாராம். அந்த அம்மா வெளியே வந்ததும், "டாக்டருக்கு என்ன தெரியும்? கல்யாணத்த வேணா வெச்சுக்கலாம், பழத்தக் கலக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணம் நடந்தது. மாமியார் சொன்னபடியே இருந்தார். வாழைப்பழம் ஒரு நேரம், மாம்பழம் ஒரு நேரம். நானும் என் வீட்டுக்காரரும் கண்டதையும் கலந்து சாப்பிட்டோம். அவரவர் வழியில் எல்லோருமே திடமாகத்தான் இருந்தோம்.

நான் முழுகாமல் இருந்தபோது எனக்குச் சோறே இறங்கவில்லை. ஒரு மதியம் மாமியார் தட்டோடு வந்தார். ஆரஞ்சுச் சுளை, கொய்யா, மாதுளை. மூன்றும் ஒரே தட்டில் இருந்தன, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் இடம் விட்டுத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்.

"தின்னு சாமி. வேற ஒண்ணும் எறங்க மாட்டேங்குதே உனக்கு" என்றார்.

நான் மூன்றையும் சேர்த்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதைப் பார்க்காதவர்போல அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.